ஹவுஸ் இசைக்கு ஏன் அந்தப் பெயர்? சிகாகோவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஹவுஸ் என்பது மின்னணு நடன இசை. வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிகாகோவில் 1977-ல் தொடங்கிய ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பின் பெயர்தான் சுருங்கி ‘ஹவுஸ்’ ஆனது என்பதே பரவலான விளக்கம். அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் தன்பாலின ஈர்ப்பாளர்கள். வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்களுக்கு விடிய விடிய ஆட ஓர் இடம். இதைச் சொல்லாமல் ஹவுஸ் வரலாற்றைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ்தான் அங்கே டிஜே. 1979 ஜூலையில் அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில், எழுபதுகளின் நடன இசையான டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்புறம் பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைகழுவின. புதுப் பாட்டுகள் குறைந்தன. நக்கிள்ஸ் என்ன செய்தார்? பழைய பாட்டுகளை டேப்பில் ஏற்றி, நாடாவை வெட்டி ஒட்டினார். ஆட்டம் சூடு பிடிக்கும் தாளப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப வரும். பாடகரின் குரல் தள்ளிப்போகும். பின்னாளில் ரோலண்ட் 909 தாள இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த ‘தும் தும் தும் தும்’ நான்கடித் தாளம்தான் ஹவுஸின் முதுகெலும்பு.

சிகாகோவின் இன்னொரு கிளப்பான ‘மியூசிக் பாக்ஸ்’-ல் டிஜே ரான் ஹார்டி இன்னும் வேகமாக, முரட்டுத்தனமாக வாசித்தார். உள்ளூர்ப் பையன்கள் வீட்டில் செய்த டேப்புகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கூட்டம் ஆடுகிறதா என்பதே பரீட்சை. 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸின் ‘ஆன் அண்ட் ஆன்’ இசைத்தட்டாக வந்தது. முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.