ஒரு ரூபாய்க்கு ஒரு டாலரா?

கேள்வி: 1947-இல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய்தான் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆகஸ்ட் 15 தோறும் ஒரு செய்தி வந்துவிடுகிறது. அது உண்மையா? உண்மையென்றால் எண்பது ரூபாய்க்கும் மேல் போனது எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்மையில்லை. அன்று நம் ரூபாய் டாலரோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கவே இல்லை. பிரிட்டிஷ் பவுண்டோடுதான் பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது 1927 முதல் நடப்பிலிருந்த விகிதம் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அதன்படி ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. அந்தப் பவுண்டு அப்போது 4.03 டாலர் பெற்றதால், வகுத்துப் பார்த்தால் ஒரு டாலர் ஏறத்தாழ 3 ரூபாய் 30 காசு ஆகிறது.

1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுண்டை 2.80 டாலராகக் குறைத்தபோது, நாமும் உடன் இறங்கியதால் டாலர் 4.76 ரூபாயானது. அடுத்த பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அது அசையவில்லை. அதற்குள் சீனப் போர், பாகிஸ்தான் போர், வறட்சி, வெளிநாட்டு உதவியின் நிறுத்தம் என எல்லாமே சேர்ந்து அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்துவிட, 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு டாலரை ஒரே அடியாக 7.50 ரூபாயாக்கியது. வெளிநாட்டில் படிக்கும் மகனுக்கு 100 டாலர் அனுப்ப முதல் நாள் 476 ரூபாய் போதுமாயிருந்த தகப்பனார், மறுநாள் 750 ரூபாய் தேட வேண்டியிருந்தது. தம்மைக் கலக்காமல் எடுக்கப்பட்ட அந்த முடிவைக் காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜர் கடுமையாக எதிர்த்தார். விகிதத்தை ஆண்டுக்கணக்கில் இறுகப் பிடித்து வைத்தால், விடும்போது இப்படித்தான் தடாலென்று விழும் என்பது என் எண்ணம்.

1991-இல் தங்கத்தை அடகு வைக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றியபோது, ஜூலை 1, 3 ஆகிய இரு நாட்களில் ரூபாய் மீண்டும் குறைக்கப்பட்டது. 1993 முதல் விகிதத்தைச் சந்தையே தீர்மானிக்கிறது. ஏற்ற இறக்கம் மிகும்போது ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியோ விற்றோ தணிக்கிறது. அமெரிக்காவைவிட நம் நாட்டில் விலைவாசி வேகமாக ஏறியதாலும், ஏற்றுமதியைவிட எண்ணெய் உள்ளிட்ட இறக்குமதிக்கு அதிக டாலர் தேவைப்பட்டதாலும் ரூபாய் சிறிது சிறிதாகச் சரிந்து, 2022 அக்டோபரில் டாலர் 83 ரூபாயைத் தொட்டது.

கேள்வி: அப்படியானால் ரூபாய் ஏறியதே இல்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஏறியிருக்கிறது. 2006 இறுதியில் 44 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், வெளிநாட்டு முதலீடு கொட்டியதால் 2007 இறுதியில் 39 ரூபாய்க்குச் சற்று மேலே வந்து நின்றது. மகிழ வேண்டியதுதானே என்று திருப்பூரில் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். ஒரு லட்சம் டாலருக்குப் பனியன் அனுப்பியவருக்கு 44 லட்சம் வந்த இடத்தில் 39 லட்சமே வந்தது. நூல் விலையையும் தையல் கூலியையும் அவர் ரூபாயில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.