தர்பூசணியை ஏன் விலக்கினீர்கள்?

கேள்வி: நான்கு மாதமாக கிளைசெமிக் இண்டெக்ஸ் 55-க்குள் இருக்கும் உணவுகளாகப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். ரொம்பப் பிடித்த தர்பூசணியைக்கூட 70-க்கு மேல் என்று படித்ததும் விட்டுவிட்டேன். பசித்தால் முந்திரி, டார்க் சாக்லேட், இரண்டுக்கும் இண்டெக்ஸ் குறைவுதானே. எடை மட்டும் அசையவே இல்லை. இந்தக் கணக்கே பொய்யா?

பதில்: கணக்கு பொய்யில்லை, சகோதரி. அது அளப்பது ஒன்று, நீங்கள் அதனிடம் எதிர்பார்ப்பது வேறொன்று. 1981-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் இதை வெளியிட்டபோது, மாவுச்சத்து (பழச் சர்க்கரையையும் சேர்த்த கார்போஹைட்ரேட்) உள்ள உணவுகளில் எது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது, எது மெதுவாக ஏற்றுகிறது என்பதுதான் கேள்வி. வெறும் வயிற்றோடு வந்தவருக்கு ஒரே ஒரு உணவை, அதில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் இருக்கும்படி கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தத்தைச் சோதித்து, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 70-லிருந்து அதிகம். இவ்வளவுதான். இதில் கலோரி எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள்.

இப்போது தர்பூசணிக்கு வருவோம். அதிலிருந்து 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க ஏறக்குறைய 700 கிராம் சதை சாப்பிட வேண்டும், ஒரே உட்காரலில் அவ்வளவு யார் சாப்பிடுகிறார்கள்? இதற்காகத்தான் பின்னால் கிளைசெமிக் லோடு என்ற இன்னொரு கணக்கு வந்தது: இண்டெக்ஸை நீங்கள் சாப்பிடும் மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். 10 வரை வந்தால் குறைவு. 120 கிராம் தர்பூசணித் துண்டு அந்தப் 10-க்குள் வசதியாக அடங்கிவிடும். முந்திரியோ நல்ல உணவுதான், ஆனால் 30 கிராம் முந்திரியில் உள்ள கலோரி அரைக் கிலோ தர்பூசணியில் உள்ளதைவிடச் சற்று அதிகம். சாக்லேட்டின் எண் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதில் உள்ள கொழுப்பு, அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. வேகவைத்த உருளைக்கிழங்கைவிட எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கு எண் குறைவாக வருவதும் இதனால்தான். அதற்காக சிப்ஸ் எடையைக் குறைக்குமா என்ன?

எடைக்கு இந்த எண்ணால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில், ஏற்கெனவே எடை குறைத்தவர்களை 26 வாரம் கவனித்த டயோஜீன்ஸ் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. குறைந்த இண்டெக்ஸ் உணவு சாப்பிட்டவர்களுக்குத் திரும்ப ஏறிய எடை மற்றவர்களைவிட சுமார் ஒரு கிலோ குறைவு, புரதத்தைக் கூட்டியவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன். ஆக, உதவி உண்டு, ஆனால் சிறியது. சாப்பிடும் அளவைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் நம்பினால் நான்கு மாதம் இப்படித்தான் வீணாகும், அதுதான் எனக்கு வருத்தம்.

உடல்நலத்தில் இதன் இடம் இன்னும் பெரியது என்றே நினைக்கிறேன். ஐந்து கண்டங்களில், 20 நாடுகளில், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ப்யூர் ஆய்வு (2021), அதிக இண்டெக்ஸ் உணவு உண்பவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளும் மரணமும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அது யாருடைய உணவையும் மாற்றாமல் வெறுமனே கவனித்துப் பார்த்த ஆய்வு, அதனால் உணவே காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுத் தானியம், பயறு, பருப்பு என்று மாறுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. தர்பூசணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், முந்திரியை அளந்து எடுங்கள்.

கேள்வி: ஒரே உணவுக்கு ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு எண் இருக்கிறதே, எதை நம்புவது?

பதில்: உணவின் ரகம், பழுத்த அளவு, அரைத்த நயம், வெந்த பதம் எல்லாமே எண்ணை மாற்றும். குழைய வேகவைத்தால் ஏறும், வெந்ததை ஆறவைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறி எண் ஓரளவு இறங்கும். அப்புறம், ஆளுக்கு ஆளும் மாறும். ஐந்து, பத்து புள்ளி வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுகிறார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்கலாம் என்று சாக்லேட் வாங்கி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம், அதை இன்றைக்கே மாற்றுங்கள். மேலே சொன்ன அதே கொழுப்பு இங்கே தாமதப்படுத்தும், அந்த நேரத்தில் தாமதம் ஆபத்து. ரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே போய், அவர் நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.