கேள்வி பதில்: ஆறு வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள்

பாளையங்கோட்டை வாசகி: எங்கள் சபையிலிருந்து ஒரு குழு பத்து நாள் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போய் வந்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிரசங்கம், கடைசி நாளில் இருநூறு பேர் கை உயர்த்தினார்களாம். எல்லோரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. தப்பா?

தப்பே இல்லை. கை உயர்த்தியது பொய் என்று நான் சொல்லவில்லை, எதற்காக உயர்த்தினார்கள் என்பதுதான் கேள்வி. மொழிபெயர்ப்பாளர் என்ன சொன்னார் என்பதே பிரசங்கம் பண்ணியவருக்குத் தெரியாதே!

அதோனிராம் ஜட்சன் என்று ஒரு அமெரிக்க மிஷனரி. 1813 ஜூலையில் மனைவி ஆனுடன் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ரங்கூனில் போய் இறங்கியபோது அவருக்கு 24 வயது. முதல் பர்மியர், மௌங் நாவ் என்பவர், அவரிடம் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். கிட்டத்தட்ட ஆறு வருஷம், ஒரே ஒரு ஆள். இன்றைக்கு ஒரு மிஷனரி ஆறு வருஷமாக "இன்னும் யாரும் வரவில்லை" என்று ஜெபக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் காணிக்கை எப்போதோ நின்றிருக்கும்.

அந்த ஆறு வருஷத்தில் பெரும்பகுதி படிப்புதான். அவருக்கு அமைந்த ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது, ஒவ்வொரு பொருளாகக் கையைக் காட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சரி, படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் ஓலைச் சுவடியில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் எழுத்துகள் ஒட்டிக்கொண்டு ஓடும். போதாததற்கு சமயச் சொற்களில் பாதி பௌத்த வேத மொழியான பாலியிலிருந்து வந்தவை என்பதால் பாலியையும் விட முடியவில்லை. 1816-இல் ஒரு சிறு பிரசுரமும் 1817-இல் மத்தேயு சுவிசேஷமும் அச்சாயின. அதற்கு அப்புறம்தான் பொதுவில் வாயைத் திறந்தார்.

தூத்துக்குடி வாசகர்: மேடை, மைக் எதுவும் இல்லாத காலத்தில் எப்படிக் கூட்டம் சேர்த்தார்?

கூட்டம் சேர்க்கவே இல்லை. பர்மாவில் 'ஸயாத்' என்று உண்டு, நம் ஊர்ச் சாவடி மாதிரி. வழிப்போக்கர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், சமயப் பேச்சும் அங்கேதான் நடக்கும். 1819-இல் பகோடா என்கிற பௌத்தக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் மூங்கிலும் கூரையுமாக அப்படி ஒன்றைக் கட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வந்தவரோடு பேச்சு, எதிர்க்கேள்வி, மறுபடி பேச்சு. எனக்கு இந்த மனிதரிடம் மிகவும் பிடித்தது இதுதான்: ஊருக்குத் தெரியாத கோபுரத்தைக் கட்டாமல், ஊருக்குத் தெரிந்த திண்ணையைக் கட்டினார்.

மதுரை வாசகர்: பௌத்த நாட்டில் கடவுளுக்கு எந்தச் சொல்லைப் போடுவது?

பர்மிய பைபிளில் இருப்பது 'பயா தகின்'. 'பயா' என்பது புத்தரையும் பகோடாவையும் குறிக்கிற சொல், 'தகின்' என்றால் எஜமான். கேட்கிறவனுக்குப் பழகிய சொல்லை எடுத்தால் பழைய அர்த்தமும் கூடவே வரும், புதுச் சொல்லை உண்டாக்கினால் ஒருவருக்கும் புரியாது. தமிழிலும் இந்த இழுபறி உண்டு. சருவேசுரன் என்றார்கள், பராபரன் என்றார்கள், பிறகு தேவன், இப்போது கடவுள். 1834-இல் ஜட்சன் முழு பைபிளையும் எபிரெயம், கிரேக்க மூலங்களிலிருந்து முடித்துவிட்டு, திருப்தி இல்லாமல் 1840 வரை திருத்திக்கொண்டிருந்தார். பர்மிய சபைகள் பல இன்றும் அதைத்தான் வாசிக்கின்றன.

நாகர்கோவில் வாசகி: தலையணைக்குள் பைபிளை ஒளித்துவைத்த கதை உண்மையா?

உண்மை. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. ஆங்கிலம் பேசுகிற வெள்ளைக்காரன் எல்லோரும் ஒற்றன் என்று அப்போதைய தலைநகரான ஆவாவில் ஜட்சனையும் பிடித்து, காலில் விலங்கு பூட்டி அடைத்துவிட்டார்கள். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படாத அளவுக்கு அதைக் கரடுமுரடாகச் செய்ததுதான் சாமர்த்தியம். பிற்பாடு அது குப்பையாக வெளியே எறியப்பட்டு, மௌங் இங் என்ற சீடர் ஞாபகார்த்தமாக எடுத்துவைத்துக்கொண்டதால் பிழைத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தலையணையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு அதிகாரி அதிகாரியாக அலைந்து கணவரை உயிரோடு வைத்திருந்தவர் ஆன். போர் முடிந்த 1826-லேயே இறந்துபோனார், ஆறு மாதத்தில் குழந்தையும் போயிற்று. சயாம் (தாய்லாந்து) மொழி கற்று மத்தேயுவை அதில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். பிரசங்கங்களில் அவர் 'ஜட்சனின் மனைவி'யாக மட்டும் வந்து போகிறார்.

கோவை வாசகர்: சுற்றி வளைப்பானேன்? வெள்ளைக்காரன் துப்பாக்கி முன்னால் போக, பைபிள் பின்னால் போனது. அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று முடித்துவிட முடியாது. கல்கத்தாவிலிருந்து ஜட்சனை விரட்டியதே கிழக்கிந்தியக் கம்பெனிதான். ஆனால் போருக்குப் பிறகு அவர் ஆங்கிலேயர் பிடித்த பகுதியில்தான் போய்த் தங்கினார், போரை முடித்த யாண்டபோ உடன்படிக்கைப் பேச்சில் மொழிபெயர்ப்பும் செய்தார், அதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, அவர் உயிரைக் கொடுத்துப் படித்த மொழியைப் பேசிய பர்மியர்களில் பெரும்பாலோர் பௌத்தர்களாகவே இருக்கிறார்கள். கிறிஸ்தவம் பரவியது அங்கேயுள்ள கரென், கச்சின், சின் என்ற சிறுபான்மை இன மக்களிடம். கரென்களிடம் அதைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் 1828-இல் ஞானஸ்நானம் பெற்ற கோ தா பியூ என்ற கரென்காரர், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். வெளியிலிருந்து வந்தவர் ஒரு சாவடியில் உட்கார்ந்திருக்க, உள்ளூர்க்காரர் மலை மலையாக நடந்தார். 2014 கணக்கெடுப்பில் மியான்மர் மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் கிறிஸ்தவர்கள்.

சென்னை வாசகர்: இந்த ஜட்சன் நம் பக்கம் வந்ததுண்டா?

வந்தார். கம்பெனிக்குப் பயந்து மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813-இல் மதராஸ். பினாங்கு போகத்தான் எண்ணம், ஆனால் இங்கேயே இருந்தால் கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்கு ஏற்றிவிடும். அப்போது மதராஸில் கிளம்பத் தயாராக நின்றது ரங்கூன் போகும் ஓட்டைக் கப்பல் ஒன்றுதான். ஏறிவிட்டார்கள்.