7 மாதக் குழந்தைக்கு நரம்பியல் நிபுணரைப் பார்க்க ஒன்றரை மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு சொல்கிறேன், இதை முதலில் வாசித்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இது: மார்த்தாண்டம் பக்கம் வீடு. பையனுக்கு 7 மாதம். தூங்கி எழும்போது தலை குனிந்து, இரண்டு கையும் விரிந்து ஒரு உதறல். அது விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து தடவை வருகிறது. உள்ளூர்க் குழந்தை மருத்துவர் நரம்பியல் நிபுணரிடம் போகச் சொல்லிவிட்டார். போன் செய்தால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் தேதி.

இதை வாசித்ததும் எனக்கு அடிவயிறு பிசைந்தது. 4 வருடத்துக்கு முன் எனக்க மகளுக்கும் இதே உதறல், இதே போல ஒரு தேதி. அவளுக்கு வந்தது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற கைக்குழந்தை வலிப்பு. நான் மருத்துவர் இல்லை. உங்கள் பையனுக்கும் அதேதானா என்று ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதிகிற பரிசோதனை) எடுத்துப் பார்த்து ஒரு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனை இந்த வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குலசேகரம் பக்கம். என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன்னே எழும்பி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். ஆனி மழையில் வெட்டு இல்லாமல் வீட்டில் இருந்த ஒரு காலையில்தான் அவர் அதைப் பார்த்தார். மகளுக்கு அப்போது 5 மாதம். தொட்டிலில் கண் விழித்தவள் யாரையோ கும்பிடுவது போலத் தலையைக் குனிந்தாள், கை இரண்டும் வெளியே விரிந்தன, முட்டு மடங்கியது. ஒன்றிரண்டு நொடிதான். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கிடந்தாள். சற்று நேரத்தில் மறுபடியும். அப்படியே வரிசையாக வந்து, கடைசியில் ஒரு அழுகையோடு நின்றது.

மாமியார், "பிள்ளையளுக்கு அப்பிடித்தான் திடுக்கம் வரும் மோளே, பயப்படாத" என்று சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டினார். 6 பிள்ளைகளை வளர்த்த கை. நானும் நம்பினேன். 3 நாள் கழித்து ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வாயுத் தொந்தரவு என்று சொட்டு மருந்து எழுதித் தந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காலை 11 மணிக்கு அவருடைய மேசையில் கிடந்தபோது அவள் சும்மா காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். "உதறுது டாக்டர்" என்று நான் சொன்னேன். பால் கக்கும்போது உதறாத பிள்ளை உண்டா, சத்தம் கேட்டால் உதறாத பிள்ளை உண்டா? நான் சொன்ன சொல்லில் அவருக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

அடுத்த 9 நாளில் உதறல் கூடியதே ஒழியக் குறையவில்லை. என் கணவரின் தம்பி ஒரு காலையில் அதை முழுவதும் போனில் வீடியோ எடுத்தான். மறுநாள் அதைக் கொண்டு நாகர்கோவிலில் வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பிள்ளையைத் தொடுமுன்னே வீடியோவை 2 தடவை பார்த்தார். மூன்றாவது தடவை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

அந்த நோய்க்கு இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்று பெயர். குழந்தைப் பருவத்து வலிப்பில் ஒரு வகை. பெரும்பாலும் 3 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் தொடங்கும். நாம் வலிப்பு என்றால் கண் செருகி, வாயில் நுரை தள்ளி, கைகால் வெட்டி இழுப்பதைத்தான் நினைக்கிறோம். இதில் அப்படி எதுவும் இருக்காது. அதனால்தான் வயிற்று வலி, திடுக்கம், பால் கக்கல் என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஏமாந்து போகிறோம். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். அவர் எழுதியது தன் சொந்த மகனைப் பற்றி. எந்த வைத்தியமும் பிடிபடாமல், மற்ற மருத்துவர்கள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டு எழுதிய தகப்பன் அவர். அவருடைய பெயரால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். தலை குனிவதைப் பார்த்து சலாம் வலிப்பு என்றும் அந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். எனக்க வீட்டுக்காரர் பார்த்தது யாரையோ கும்பிடுவது போல என்றேனே, அதேதான்.

இதில் நாள் கணக்கு முக்கியம். உதறல் வராத நேரத்திலும் மூளையின் மின்னலைகள் தாறுமாறாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழப்பத்துக்குள் பிள்ளை புதிதாக ஒன்றும் படிக்காது, படித்ததையும் விட ஆரம்பிக்கும். சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடுதல் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. ஓபி வரிசையில் ஒன்றரை மாதம் கிடக்க வேண்டிய நோய் இல்லை இது.

இவ்வளவும் அந்த நாகர்கோவில் மருத்துவர் அன்று எங்களிடம் சொல்லவில்லை. "நியூராலஜி ஒப்பீனியன்" என்று ஒரு வரி எழுதி, சீக்கிரம் காட்டுங்கள் என்றார். நாங்கள் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தோம். இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது எடுத்த பெண், புது நோயாளியா பழைய நோயாளியா என்று கேட்டு 41 நாள் கழித்து ஒரு தேதி சொன்னார். நான் கெஞ்சினேன், அழுதேன். அவர் எரிச்சல்படவில்லை. ஆனால் அவர் முன்னால் இருந்தது ஒரு தேதிப் பட்டியல். எத்தனையோ தாய்மார் அதே போல அழுதிருப்பார்கள். எந்தப் பிள்ளையை முன்னே விட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு நான் எதையும் கொடுக்கவில்லை.

தேதி கிடைத்துவிட்டது என்று நாங்களும் காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருந்தோம். முழுதாக 8 நாள். புதன்கிழமை தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுபோன இடத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "எழுதின டாக்டர்ட்டயே இப்பமே திரும்பப் போங்க. தேதி இவ்வளவு தள்ளிக் கிடைச்சிருக்குன்னு அவருக்குத் தெரியாதில்லா?" என்றார். செவிலியர் சொன்னது சரி. மருத்துவருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. கடிதம் எழுதியதோடு பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே அவர் வேறு கடிதம் எழுதினார். எந்தத் தேதியில் தொடங்கியது, ஒரு தடவைக்கு எத்தனை உதறல், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சந்தேகப்படும் நோய் என்ன, தூக்கத்தில் ஈஈஜி உடனே தேவை, உள்நோயாளியாகச் சேர்க்கவும். அங்கே தனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரைப் போனில் அழைத்துப் பேசி, வீடியோவையும் அனுப்பினார். ஓபிக்குப் போகாதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றார்.

மறுநாள் இருட்டோடே மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினோம். ஈஈஜி எடுக்கும்போது பிள்ளை தூங்க வேண்டும், அதனால் வழியில் தூங்க விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு இடமாகக் கடக்கக் கடக்க நானும் அவரும் மாறி மாறி அவளுடைய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே போனோம். அங்கே போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. தலையில் எண்ணெய் இருந்தால் ஈஈஜி கம்பி ஒட்டாது. மாமியார் ஆசையாக முந்தின நாள் உருக்கெண்ணெய் தேய்த்திருந்தார். ஆஸ்பத்திரிக் குழாயடியில் வைத்து ஷாம்பு போட்டு 3 தடவை கழுவினேன்.

அங்கே இருந்த மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டது, "மோள் சிரிக்குன்னுண்டோ?" என்றுதான். பிள்ளை சிரிக்கிறாளா. நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. 3 மாதத்தில் என் முகம் பார்த்துச் சிரித்தவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று எனக்கு நினைவில் இல்லை. உதறலையே எண்ணிக்கொண்டிருந்ததில் சிரிப்பு நின்றதை நான் கவனிக்கவில்லை.

அன்றே ஈஈஜி, அன்றே சேர்த்துக்கொண்டார்கள். முதல் உதறலைப் பார்த்த நாளில் இருந்து 22 நாள். இந்த நோய்க்கு ஏசிடிஎச் ஊசி, பிரட்னிசலோன், விகாபட்ரின் என்று மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது காரணத்தைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வது. எங்களுக்குப் பிரட்னிசலோன். முகம் உப்பிவிட்டது, ராத்திரி முழுக்க அழுகை, எவ்வளவு பால் கொடுத்தாலும் போதாது. ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, சில தடுப்பூசிகளையும் அப்போது போடக்கூடாது. 9வது நாள் காலை அவள் கண் விழித்தாள், உதறல் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது உங்கள் விஷயம். வீடியோ எடுக்கும்போது முகம் மட்டும் தெரிந்தால் போதாது. துணியை விலக்கி, வெளிச்சத்தில், தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி, ஒரு வரிசை தொடங்கி முடியும்வரை எடுங்கள். நடுவில் தூக்கிக் கொஞ்சத் தோன்றும், யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டே இருக்கட்டும். ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், எத்தனை உதறல் என்று எழுதுங்கள். பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள். பிறந்ததும் அழுதானா, எடை என்ன, முதல் நாட்களில் சர்க்கரை குறைந்ததா என்று கேட்பார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறுவதும் ரத்தச் சர்க்கரை குறைவதும் இதற்குக் காரணமாகலாம். உடம்பில் வெளிறிய தேமல் மாதிரிப் புள்ளிகள் இருந்தால் அதையும் காட்டுங்கள், அதை வைத்தே கண்டுபிடிக்கிற ஒரு காரணமும் உண்டு.

பிறகு, அனுப்பிய மருத்துவரிடமே திரும்பப் போய், தேதி ஒன்றரை மாதம் தள்ளி என்று சொல்லி, விவரமான கடிதம் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, அவசரப் பிரிவு ராத்திரியும் பகலும் திறந்திருக்கும். அங்கே போய் வீடியோவைக் காட்டிச் சேர்த்துவிட்டால், மேலே எங்கே அனுப்புவது என்பது மருத்துவரும் மருத்துவரும் பேசித் தீர்க்கிற காரியமாகிவிடும். போனில் நீங்கள் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்ஏடி ஆஸ்பத்திரி பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. அதே ஊரில் ஸ்ரீசித்ரா என்ற பெரிய மருத்துவ நிறுவனத்தில் வலிப்புக்கென்றே தனி மையம் உண்டு, அங்கே போவதென்றால் கடிதம் கையில் இருக்கட்டும். 1956 நவம்பர் 1இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்குப் பிறகும் பெரிய நோய் என்றால் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். சென்னை 700 கிலோமீட்டர். இங்கே கைக்குழந்தையின் மூளையைப் பார்க்கிற மருத்துவர்கள் கூடுதலாக இருந்தால் யாரும் இப்படி விடியுமுன் பஸ் ஏற வேண்டியதில்லை. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. ஆனால் நீங்கள் போகிற இடத்தில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அதன்கீழ் வருகிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தருவார்கள். அங்கன்வாடியிலோ சுகாதார செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். அந்தப் பயிற்சியைப் பிறகு தொடங்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இடையில் பெரிய வலிப்பு ஏதாவது வந்து 5 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ, மூச்சு முட்டினாலோ, நீலம் பாய்ந்தாலோ 108. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடாது, கையில் இரும்பு திணிக்கவும் வேண்டாம்.

எனக்க மகளுக்கு இப்போது நாலரை வயது. 2 வயது 2 மாதத்தில் நடந்தாள். பேச்சு குறைவு, ஆனால் அப்பா தோட்டத்தில் இருந்து வரும் சத்தம் கேட்டால் நடைவரை ஓடுவாள். சிரிப்பாள். ஒரு மருந்து இன்னும் ஓடுகிறது. அந்த 22 நாள் 5 நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை மருத்துவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

நாளைக் காலை பையன் கண் விழிக்குமுன் போனில் சார்ஜ் இருக்கட்டும். வீடியோ கிடைத்ததும் நாளைக்கே ஆசாரிப்பள்ளத்துக்குப் புறப்படுங்கள். இன்று ராத்திரி தலையில் எண்ணெய் வைக்காதீர்கள்.