லாச்சியில் இருப்பது யாருடைய காசு? கடைக்காரர் கேள்விகளுக்குப் பதில்

கொரோனா ஊரடங்கென்று 2021 ஓகஸ்ட் 20 இல் பூட்டியதை ஒக்டோபர் 1 இல் திறந்துவிட்டார்கள். ஷட்டர் மேலே போன அன்றைக்கே கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் மருத்துவக் கேள்விகளுக்கு நான் ஆள் இல்லை, காசுக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர்கள் வேண்டாம், ஊர் போதும்.

கொக்குவில், பலசரக்குக் கடை: கடன் கொப்பியில் ஒன்றே முக்கால் லட்சம் நிற்கிறது. எல்லாம் அயல் சனம். இறுக்கிக் கேட்டால் அடுத்த சந்திக் கடைக்குப் போய்விடுவார்கள். விட்டுப்பிடிப்பதா?

அண்ணை, முதலில் அந்தக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். நான் பார்க்கிற கொப்பிகள் முக்கால்வாசி ஒரே மாதிரித்தான்: "மதவடி அக்கா 340", "ஓட்டோ தம்பி 1,150 பழசோடு". திகதி இல்லை, கையெழுத்து இல்லை, பாதி பென்சிலில். நீங்கள் இரண்டு நாள் படுத்துவிட்டால் கடையில் நிற்கிற மகனுக்கு மதவடி அக்கா யாரென்றே தெரியாது.

சட்டமும் இதில் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. இலங்கையின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி கடைப்பற்றுக்கு வழக்கு வைக்கக் கிடைப்பது ஒரே ஒரு வருஷம், காசு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து. அதற்குள் அவர் ஒரு பகுதியைக் கட்டினாலோ, இவ்வளவு தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலோ அந்த வருஷம் புதிதாகத் தொடங்கும். வழக்குக்குப் போகச் சொல்லவில்லை, பத்தாயிரம் ரூபாய்க்கு யார் கோட்டுப் படி ஏறுவது? ஆனால் இன்றைக்கு நூறு ரூபாய் தந்தாலும் திகதி போட்டு அவர் கையாலேயே ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள், அதுதான் பிறகு மத்தியஸ்த சபையில் கதைக்கவும் உதவும்.

அப்புறம் பெயர்களைப் பிரியுங்கள். மாதச் சம்பளம் நிற்காமல் வந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து காசு வருகிறவர்களும் ஒரு பக்கம். பல கொப்பிகளில் பெரிய தொகை இவர்களிடம்தான் நிற்கும், கேட்கக் கூச்சப்பட்டு நீங்களே விட்டதுதான். இவர்களிடம் நேரே கேளுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை. நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி: இன்றைய சாமானுக்கு இன்றைக்கே காசு, பழையதில் வரும்போதெல்லாம் ஐம்பதோ நூறோ. அப்படிச் செய்தால் அவர்கள் வேறு கடைக்கு ஓடவேண்டிய தேவையும் இல்லை. சனம் கடை மாறுவது கடனைக் கேட்டதற்காக அல்ல, கடனோடு முகம் காட்ட முடியாமல்தான். மூன்றாவது, உங்கள் கடையைக் கண்டால் சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்கள். அந்தக் காசை மொத்தக் கடை ஏஜென்டுக்குக் கொடுக்கிற கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். வந்தால் வரட்டும்.

சுன்னாகம், பேக்கரி: போன வருஷம் 4 வீத வட்டியில் ஒரு கடன், அதற்கு முதல் ஓவனுக்கு எடுத்த 18 வீதக் கடனில் நாலு லட்சம் மிச்சம். இரண்டுக்கும் தவணையைப் பிற்போடச் சொல்லி வங்கியில் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் பிற்போடுதல் என்றால் தள்ளுபடி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது பிழை. தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது. உங்கள் ஓவன் கடனையே பாருங்கள்: நாலு லட்சத்துக்கு 18 வீதம் என்றால் மாதம் 6,000 ரூபாய், ஆறு மாதம் நிறுத்தினால் 36,000 ரூபாய் கடனோடு வந்து ஏறும். அந்தச் சலுகைக் காலத்துக்கு எவ்வளவு வட்டி போடுகிறார்கள், அது முதலோடு சேருமா தனியாக நிற்குமா, கடைசித் தவணை எந்த மாதம் வரை நீளும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

4 வீதக் கடன், மத்திய வங்கி 2020 இல் கொண்டுவந்த சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதியாகத்தான் இருக்கும். அவ்வளவு மலிவான காசு இனி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதை அவசரப்பட்டு முன்கூட்டியே அடைக்க வேண்டாம், தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால் போதும். பாண் விற்ற காசில் ஏதும் மிஞ்சினால் அது ஓவன் கடனுக்கு. மிஞ்சவே இல்லை, மா வாங்கவே காசில்லை என்றால் மட்டும் ஓவன் தவணையைப் பிற்போடுங்கள்.

மானிப்பாய், சலூன்: மே, ஜூன் பயணத்தடையிலும் இப்போது முடிந்த ஊரடங்கிலும் கடை திறக்கவே இல்லை. கட்டடக்காரர் கனடாவில், தங்கச்சிதான் வாடகை வாங்குகிறவ. முழுவதும் வேண்டும், இல்லையென்றால் எழும்பு என்கிறா.

தம்பி, அந்த அக்காவோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை, முடிவு அவவின் கையில் இல்லை. கனடாவில் இருக்கிறவரோடு நேரே கதையுங்கள். அங்கேயும் கடைகள் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தவைதான், அவருக்கு விளங்காத விஷயம் இல்லை. ஆனால் வெறுங்கையோடு போய் "குறையுங்கள்" என்று கேட்காதீர்கள். பூட்டியிருந்த மாதங்களுக்குப் பாதி, அந்தப் பாதியையும் ஆறு மாதத்தில் பிரித்து வழமையான வாடகையோடு சேர்த்துத் தருகிறேன் என்று ஒரு கணக்கோடு போங்கள். இந்த 2021 ஒக்டோபர் விதிகளின்படி சலூனில் ஆட்களை நேரம் குறித்து ஒவ்வொருவராகத்தான் எடுக்க வேண்டும், ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை தலை வெட்டலாம் என்பது உங்களுக்கே தெரியும், அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒத்துக்கொண்டால் வட்ஸ்அப் குரல் பதிவோடு விடாமல் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் ஒப்பம் வையுங்கள், தங்கச்சிக்கும் ஒரு பிரதி. முற்பணத்தில் கழிக்கச் சொல்லி மட்டும் கேட்க வேண்டாம், நாளைக்கு எழும்ப வேண்டி வந்தால் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

கோண்டாவில், மணவறை அலங்காரம்: ஆவணிக் கலியாணங்கள் நின்றுபோயின. முற்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், காசு செலவழிந்துவிட்டது.

செய்யாத வேலைக்கு வாங்கிய முற்பணம் உங்கள் காசு அல்ல. முதலில் புதுத் திகதி கொடுங்கள், பெரும்பாலானவர்கள் அதற்கே சம்மதிப்பார்கள். பூவுக்கோ துணிக்கோ உண்மையில் செலவழித்ததை பில்லோடு காட்டிக் கழிக்கலாம், மிச்சத்தைத் தவணையில் திருப்பிக் கொடுங்கள். இனி வாங்குகிற முற்பணத்தை வேறு ஒரு வங்கிப் புத்தகத்தில் போடுங்கள்.

அச்சுவேலி, சில்லறைக் கடை: சீனியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் வாங்கி எப்படி அந்த விலைக்கு விற்பது?

விற்க முடியாது, அதனால் வாங்கவும் வேண்டாம். பில் தராத மொத்தக் கடைக்காரரிடம் வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வரும்போது தண்டம் கட்டப் போவது நீங்கள், அவர் அல்ல. ஏற்கெனவே வாங்கியதை உள்ளே ஒளித்து வைப்பது அதைவிட வில்லங்கம், இருப்பதை மறைத்து வைப்பதும் விற்க மறுப்பதும் தனித்தனிக் குற்றங்கள். இருக்கிற மூட்டையை நட்டத்தோடு வித்துத் தள்ளுங்கள். நாலு நாளைக்குச் சீனி இல்லாத கடையை யாரும் வெறுக்கமாட்டார்கள்.

உரும்பிராய், வீட்டில் தையல்: பள்ளிக்கூடம் பூட்டியதால் யூனிபோம் தையல் இல்லை. நுண்கடன்காரர் வீட்டுக்கே வந்து ஐம்பதாயிரம் தருகிறார்கள். எடுக்கட்டா?

வேண்டாம் தங்கச்சி. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய காசை, கிழமைக்குக் கிழமை வராத வருமானத்தை நம்பி எடுக்கக் கூடாது. ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட இன்னொன்று என்று வடக்கில் எத்தனை பெண்கள் மாட்டினார்கள் என்பது உங்கள் ஒழுங்கையிலேயே தெரியும். குழுவாகப் பிணை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரியின் தவணையும் உங்கள் தலையில் விழும். இந்த 2021 தீபாவளி நவம்பர் 4, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சாறி பிளவுஸ், சின்னப் பிள்ளைகளின் சட்டை, பழைய உடுப்புத் திருத்தம் என்று எடுங்கள். துணியை அவர்களே கொண்டுவரட்டும், பாதிக் கூலியை முன்னுக்கு வாங்குங்கள், நூலுக்கும் ஊக்குக்கும் அது போதும். கட்டாயம் காசு வேண்டுமென்றால் ஒரு சோடிக் காப்பை வங்கியில் அடகு வைப்பது மேல், அங்கே கிழமைக்கு ஒருதரம் வாசலில் வந்து நிற்க ஆள் இல்லை.

நல்லூர்த் திருவிழாவில் விளையாட்டுச் சாமான் விற்கிறவர்: இரண்டு வருஷமாகக் கடை போட விடவில்லை. பெட்டி பெட்டியாக வீட்டில் கிடக்கிறது.

அடுத்த ஆவணிக்கென்று வைத்திருக்க வேண்டாம், ரப்பரும் பற்றரியும் அவ்வளவு காலம் தாங்காது. ஊர்ப் பலசரக்குக் கடைகளில் பத்துப் பத்தாகத் தொங்கவிட்டு, விற்ற பிறகு காசு என்று சொல்லுங்கள். கொடுத்த எண்ணிக்கையை அவர்களின் கொப்பியில் எழுதிவிட்டு, நீங்களும் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி போட்டு இயங்குகிறவற்றை முதலில் அனுப்புங்கள்.