559 இன்னிங்ஸும் ஒரே ஆள்!

கேள்வி: ஒரு சீசன் முழுக்க ஒரே ஆள் பந்து வீசிய பேஸ்பால் அணி உண்டாமே? கப்சாதானே? (ஈரோடு வாசகர்)

பதில்: சத்தியமாக கப்சா இல்லை. 1877, அமெரிக்காவின் லூயிவில் கிரேஸ் அணி. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஜிம் டெவ்லின், பிலடெல்பியாக்காரர். அணி ஆடிய 61 ஆட்டங்கள், 559 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 9 இன்னிங்ஸ்), அத்தனையும் அவர் கைதான். இன்றைக்கு ஒருவர் 200 இன்னிங்ஸ் வீசினாலே ஆகா ஓகோ என்கிறார்கள்! ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அப்போது கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் வீச வேண்டும், பேட்டருக்கு உள்ள தூரமும் 45 அடிதான். இப்போது 60 அடி 6 அங்குலம். அதனால் தோள் தாங்கியது. பேட்டர் அருகே வந்ததும் சட்டென்று கீழே இறங்கும் பந்துதான் டெவ்லினின் ஆயுதம்.

ஆகஸ்டில் லூயிவில்தான் முதலிடம். அப்புறம் தோற்கத் தொடங்கியது, தோற்றுக்கொண்டே போனது, கோப்பை பாஸ்டனுக்கு. கிளப் நிர்வாகிக்குச் சந்தேகம் தட்ட, 'உங்களுக்கு வந்த தந்திகளைக் காட்டுங்கள்' என்றார். குட்டு உடைந்தது. 'சாஷ்' என்ற சொல் தந்தியில் இருந்தால் ஆட்டம் விலைபோய்விட்டது என்று சூதாடிகளோடு ஏற்பாடு. கிளப் சம்பளப் பாக்கி வைத்திருந்தது என்று ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். எனக்குக்கூட கொஞ்சம் இரக்கம் வருகிறது, போட்டியை நடத்திய நேஷனல் லீக்குக்கு வரவில்லை. டெவ்லின், அணித் தோழர்கள் ஹால், நிக்கல்ஸ், கிரேவர் நால்வருக்கும் வாழ்நாள் தடை. 1875-ல் தொடங்கிய பந்துவீச்சு மூன்றே ஆண்டில் முடிந்தது.

டெவ்லின் விடவில்லை. 1878-ல் பாஸ்டன் மேனேஜர் ஹாரி ரைட்டுக்கு எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதம்: பெண்டாட்டி பிள்ளைக்கு உடுத்தத் துணியில்லை, மைதானம் பராமரிக்கும் வேலையாவது கொடுங்கள் என்று. லீக் தலைவர் ஹல்பர்ட்டின் அலுவலகத்திலும் போய் மன்றாடினார். ஹல்பர்ட் 50 டாலரை அவர் கையில் திணித்து, 'உன்னைப் பற்றிய என் அபிப்பிராயம் இது. ஆனால் நீ நேர்மை கெட்டவன், திரும்ப ஆட விடமாட்டேன்' என்ற பொருளில் சொன்னாராம். பக்கத்தில் இருந்து கேட்டதாக எழுதியவர், அந்தக் காலத்து பேஸ்பால் பிரமுகர் ஸ்பால்டிங். பணமும் தந்து கதவையும் சாத்திய அந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடைசியில் டெவ்லின் பிலடெல்பியாவில் போலீஸ்காரரானார். 1883 அக்டோபரில் காசநோயால் இறந்தபோது வயது 34. தந்திகளைக் காட்ட மறுத்ததற்காகவே தடை வாங்கிய கிரேவரும், பிற்பாடு ட்ராய் நகரில் போலீஸ் வேலைக்குத்தான் போனார்!