செக்யூரிட்டி வேலை: சம்பளம், ஓ.டி., பி.எஃப். பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்

விமான நிலையம், மில், நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று பல இடங்களில் காவல் நிற்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் மதுரையில் இருபது வருடத்துக்கும் மேலாகத் தொழிலாளர் வழக்குகளை நடத்திவருகிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பதிலுக்கு முன்னால் ஒரு விஷயம். 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன: ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. "பழைய சட்டமெல்லாம் போச்சு, இனிமேல் எதுவும் கேட்க முடியாது" என்று ஃபீல்டு ஆபீசர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது. உங்கள் அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அப்படியேதான் இருக்கின்றன.

பெருங்குடியிலிருந்து ஒரு தம்பி: ஏர்போர்ட்டில் ஏஜென்சி மூலமாக செக்யூரிட்டி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் சார். ஏஜென்சி ஆபீஸ் மாட்டுத்தாவணி பக்கம் இருக்கிறது. எனக்கு எந்தச் சம்பளம்? தமிழ்நாடு அரசு போட்டதா, மத்திய அரசு போட்டதா?

மத்திய அரசு போட்டதுதான் தம்பி. ஏஜென்சி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பில் வருவது. ஊதியச் சட்டத் தொகுப்பில் 'உரிய அரசு' எது என்று விளக்குகிற இடத்திலேயே, அந்த நிறுவனத்துக்காக வேலை செய்யும் ஒப்பந்தக்காரரும் இதில் அடக்கம் என்று எழுதியிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பணத்தில் பெரிய வித்தியாசம் வரும். மத்திய அரசின் பட்டியலில் ஆயுதம் இல்லாத காவல் பணி, திறன் பெற்ற தொழிலாளர் வரிசையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னை போன்ற 'ஏ' பகுதிக்கு ஒரு நாள் கூலி 954 ரூபாய், 26 நாளுக்கு 24,804 ரூபாய் என்று வந்தது. துப்பாக்கியோடு நிற்பவருக்கு நாளுக்கு 1,035. மதுரை 'பி' பகுதி, அதனால் கொஞ்சம் குறையும். ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி திருத்தப்படும். அந்தத் தேதிகளில் சம்பளச் சீட்டில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

2022-இல் நாடு முழுவதும் 50 விமான நிலையங்களில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் 3,000-க்கு மேற்பட்ட பணியிடங்களை எடுத்துவிட்டு, முக்கியமல்லாத காவல் வேலைகளைத் தனியார் ஏஜென்சிகளுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். அதுவரை அரசுச் சம்பளம் வாங்கிய ஒருவர் நின்ற இடத்தில் இப்போது உங்களைப் போன்ற பிள்ளைகள் நிற்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியமாவது முழுதாகக் கைக்கு வரவேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் நிற்கும் அண்ணன்: பன்னிரண்டு மணி நேர டூட்டி. மாதம் 15,500. சேரும்போதே "பன்னிரண்டு மணி நேரத்துக்கு இதுதான்" என்று பேசித்தான் சேர்த்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஓ.டி. கேட்க முடியுமா?

முடியும் அண்ணே. நீங்கள் போட்ட கையெழுத்து அதைத் தடுக்காது. சட்டப்படி வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 60-ஆம் பிரிவு சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாள் கூலி என்பது எட்டு மணி நேரத்துக்கு. உதாரணத்துக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 ஆகிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு, அதாவது மணிக்கு 150. நான்கு மணி நேரத்துக்கு இன்னொரு 600. ஆக, பன்னிரண்டு மணி நேரம் நின்றால் உங்களுக்கு வரவேண்டியது இரண்டு முழு நாள் கூலி. இந்த நான்கு மணி நேரம் எவ்வளவு பெரிய தொகை என்பது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை. ஏஜென்சிக்கு நன்றாகத் தெரியும். ரிலீவர் வரவில்லை என்று இருபத்து நான்கு மணி நேரம் நிறுத்திவிட்டு, "இன்னொரு டூட்டி போட்டாச்சு" என்று ஒரு நாள் கூலி மட்டும் எழுதுவதும் தவறுதான். வார விடுமுறை தனிக் கணக்கு.

இதை எப்படி நிரூபிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் எட்டு மணி நேரம்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் டூட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் யூனிஃபார்மோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்கிறார்கள் இல்லையா? நேரத்தோடு பதிவாகிற அந்தப் போட்டோதான் உங்கள் சாட்சி. குரூப்பை விட்டு நீக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கேட் ரிஜிஸ்டரில் உங்கள் கையெழுத்து உள்ள பக்கத்தையும் போட்டோ எடுங்கள்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு தங்கை: சம்பளத்தில் பி.எஃப். என்று பெரிய தொகையாகப் பிடிக்கிறார்கள் அண்ணே. பாஸ்புக்கில் பாதிதான் ஏறுகிறது.

பாதி ஏறுகிறது என்றால், இரண்டு பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்து ஒன்றை மட்டும் கட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி பங்கை உங்களிடம் பிடிக்கவே கூடாது. அவர் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். அது பாஸ்புக்கில் தனிப் பத்தியில் இருக்கும், அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். உமங் செயலியில் யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைப் போட்டால் மாத வாரியாக வரும். கூட்டியும் குறைந்தால் சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் வைத்து பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

இ.எஸ்.ஐ.யையும் பார்த்துவிடுங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி 3.25. கார்டு வாங்காமலேயே பணம் பிடிபட்டுக்கொண்டிருக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அவசரத்தில் ஓடும்போதுதான் தெரியவரும்.

பெயர் வேண்டாம் என்றவர்: டெண்டர் முடிந்து ஏஜென்சி போய்விட்டது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. போனை எடுப்பதில்லை. புதிய ஏஜென்சி "அது எங்கள் காலத்துக் கடன் இல்லை" என்கிறது.

புதிய ஏஜென்சி சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய இடமே வேறு. எந்த நிறுவனத்துக்காகக் காவல் நின்றீர்களோ, அதற்குச் சட்டத்தில் முதன்மை முதலாளி என்று பெயர். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளி கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரின் பில்லிலோ டெபாசிட்டிலோ பிடித்துக்கொள்ள வேண்டும். 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 55-ஆம் பிரிவில் தொடர்கிறது.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. இப்போது 50 பேர் இருக்க வேண்டும். சின்ன ஏஜென்சிகளில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஐம்பதுக்குக் கீழே என்றால் வழி அடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஊதியச் சட்டத் தொகுப்பின் 43-ஆம் பிரிவிலும், ஒப்பந்தக்காரர் போன்ற முதலாளி கொடுக்கத் தவறினால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு என்று இருக்கிறது. மனுவில் ஏஜென்சி பெயரோடு அந்த நிறுவனத்தின் பெயரையும் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். டெபாசிட் தொகை ஏஜென்சிக்குத் திரும்பப் போவதற்கு முன்னால் மனு போய்விட வேண்டும். தாமதிக்காதீர்கள்.

அவனியாபுரத்து அண்ணன்: ஒன்பது வருடமாக ஒரே கேட். ஏஜென்சி நான்கு மாறிவிட்டது, நான் மட்டும் மாறவில்லை. பெர்மனன்ட் ஆக வழி உண்டா?

உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல ஆசைதான் அண்ணே, பொய் சொல்ல மனமில்லை. 1990-களில் ஏர் இந்தியா வழக்கில், ஒப்பந்த முறையைத் தடை செய்தால் தொழிலாளர்கள் தானாகவே நிரந்தரமாவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதே உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை மாற்றிவிட்டது. இப்போது புதிய சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில், அதாவது எந்த வேலைக்காக நிறுவனம் நடக்கிறதோ அதில்தான், ஒப்பந்த முறை கூடாது என்கிறது. காவல் பணியை மையப் பணி அல்லாதவை என்ற பட்டியலில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது.

மிச்சம் இருக்கும் வழி ஒன்று. ஏஜென்சி என்பது பெயருக்கு மட்டும்தான், வேலை கொடுப்பதும் லீவு தருவதும் தண்டிப்பதும் நிறுவனமே என்று நிரூபித்தால் அந்த ஒப்பந்தமே போலி என்று தீர்ப்பு வாங்கலாம். கடினம், வருடக்கணக்கில் ஆகும். தனி ஆளாகப் போகாமல் சங்கத்தோடு போங்கள். அதுவரை ஒவ்வொரு ஏஜென்சி மாறும்போதும் பணிச் சான்று, பி.எஃப். தொடர்ச்சி, ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நகைக்கடை வாசலில் நிற்கும் ஐயா: வயது 58. நாள் முழுவதும் நின்றே இருக்கவேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துத் திட்டுகிறார்கள்.

ஐயா, உட்காருவது தமிழ்நாட்டில் சட்டப்படியான உரிமை. 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதுப் பிரிவு சேர்த்தார்கள். ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. கடையில் ஒரு நாற்காலி போட என்ன செலவாகும்? தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு ஒரு மனு போதும். பெயர் வெளியே வரக்கூடாது என்று அதிலேயே எழுதலாம்.

திருமங்கலத்திலிருந்து: யூனிஃபார்முக்கு 2,500 பிடித்தார்கள். டூட்டியில் தூங்கினேன் என்று 1,000 அபராதம்.

எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. யூனிஃபார்ம் அதில் இல்லை, வேலைக்குச் சேர வாங்கும் டெபாசிட்டும் இல்லை. அபராதம் என்றால் முன்கூட்டியே அறிவித்த குற்றங்களுக்கு, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு, அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகாமல்தான் போடலாம்.

ஆஸ்பத்திரியில் காவல் பணி செய்யும் அக்கா: இரவு டூட்டி வேண்டாம் என்று சொன்னால் வேலையை விட்டு எடுப்பேன் என்கிறார்கள்.

மாலை 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன்பு பெண்களை வேலைக்கு வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும். பாதுகாப்பும் செய்து தரவேண்டும். சம்மதக் கடிதத்தில் கேட்காமல் கையெழுத்து வாங்கியிருந்தால், இன்றைக்கே எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

மேலூரிலிருந்து ஒரு தகப்பனார்: மகன் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் ஏர்போர்ட் டூட்டி. அவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் உண்டா?

கிடையாது ஐயா. 1968-ஆம் வருடச் சட்டத்தால் அமைந்த அந்தப் படை 1983-இல் மத்திய அரசின் ஆயுதப் படை ஆனது. காவலருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் மூன்றாம் நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700. அதோடு படிகள் வரும். சங்கம் வைக்க முடியாது. குறை இருந்தால் படைக்குள் மேலதிகாரி வழியாக, அப்புறம் உயர் நீதிமன்றம்.

கே.கே.நகரிலிருந்து: தங்கை மகன் அமெரிக்காவில் டி.எஸ்.ஏ. என்கிற போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பில், ஏர்போர்ட்டில் பயணிகளைச் சோதிக்கும் வேலை பார்க்கிறான். அரசு வேலைதான், ஆனால் அங்கேயும் உரிமைப் பிரச்சினை என்கிறான். நிஜமா?

நிஜம்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதுவரை தனியார் ஏஜென்சிகள் பார்த்த சோதனை வேலையை அரசே எடுத்துக்கொண்டது. நாம் போவதற்கு நேரெதிர்த் திசை. ஆனால் மற்ற அரசு ஊழியருக்கான சம்பள விதிகளுக்குள் இவர்களைக் கொண்டுவராமல், தலைமை அதிகாரியே முடிவு செய்யலாம் என்று அந்தச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் மற்ற ஊழியரைவிடக் குறைந்த சம்பளத்தில் கிடந்தார்கள். சம உரிமை தரும் மசோதா 2022 மே மாதம் கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. 2023 ஜூலையில் சம்பளம் மட்டும் ஏறியது, சட்டம் மாறவில்லை. அதனால்தான் 2025 மார்ச்சில் சங்க ஒப்பந்தத்தையே ரத்து செய்வதாக ஓர் அறிவிப்பில் சொல்ல முடிந்தது. ஜூன் மாதம் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. உங்கள் தங்கை மகன் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சந்தாவை விடாமல் கட்டச் சொல்லுங்கள்.

பலர் கேட்டது: புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

விமான நிலையம், ரயில்வே, வங்கி என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையரின் கீழ் உள்ள அலுவலகம். மில், கடை, ஆஸ்பத்திரி என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. இடம் மாறிப் போனால் திருப்பி அனுப்புவார்கள், மாதங்கள் வீணாகும்.

ஒரு பக்கம் போதும். பெயர், வேலை செய்த இடம், ஏஜென்சி, நிறுவனம், சேர்ந்த தேதி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், வாங்கிய தொகை, வரவேண்டிய தொகை, வித்தியாசம். திட்டி எழுத வேண்டாம், கணக்கை எழுதுங்கள். சம்பளம் குறைவாகக் கொடுத்த வழக்கில் பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கவைக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. புதிய சட்டத்தில் மூன்று வருடத்துக்குள் கேட்கலாம், முன்பு ஆறு மாதம்தான் இருந்தது. நல்ல மாற்றம் இது.

பணி நியமனக் கடிதம் இல்லாதவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். இப்போது எல்லாருக்கும் கட்டாயம். தர மறுத்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், அடையாள அட்டை, வாட்ஸ்அப் போட்டோ மூன்றையும் இணையுங்கள். மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.